துருவ இருட்டில் பாராசூட்டில் சரக்கு இறக்க

பட்டாளத்தில் எனக்கு 22 வருஷமும் ஒரே வேலைதான். சரக்கைப் பொதியாகக் கட்டுவது, பாராசூட் பூட்டுவது, விமானத்தின் பின்கதவில் நின்று தள்ளிவிடுவது. லடாக்கின் பனிமலைகளில் காவல் இருப்பவர்களுக்கு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, கடிதம் எல்லாம் அப்படித்தான் போகும். நடுவில் ஒருமுறை அண்டார்க்டிகா குழுவில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே நம் நாட்டின் மைத்ரி நிலையத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தேன். கப்பல் கிளம்பிப் போய்விட்டால் அடுத்த கோடை வரை யாரும் வர மாட்டார்கள். மே கடைசியில் மறைகிற சூரியன் ஜூலை கடைசியில்தான் தலைகாட்டும். அந்த இருட்டில் படுத்துக்கொண்டு நான் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்றைத்தான். இங்கே ஒருவருக்கு உடம்புக்கு ஏதாவது வந்து, கையில் இல்லாத மருந்து வந்தே தீர வேண்டும் என்று ஆனால், மேலே இருந்தால் நான் எப்படி இறக்குவேன்? கீழே இருந்தால் எப்படிப் பொறுக்குவேன்?

அன்று யோசித்ததையும், பிறகு படித்தும் விசாரித்தும் சேர்த்துக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு அமெரிக்கர்களின் அமுண்ட்சென்-ஸ்காட் தென்துருவ நிலையத்தை எடுத்துக்கொள்கிறேன். நடுக்குளிர்காலத்தில் இந்த வேலையை நிஜமாகவே பலமுறை செய்த இடம் அது. 1980களில் ஜூன் மாதம் சி-141 விமானம் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து புறப்படும். அங்கிருந்து துருவத்துக்குப் போக மட்டும் 5,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எங்கும் இறங்க முடியாது என்பதால் பறந்தபடியே இன்னொரு விமானத்திலிருந்து எரிபொருள் நிரப்பிக்கொண்டு போய், கடிதங்களையும் பழம் காய்கறிகளையும் போட்டுவிட்டுத் திரும்பும்.

பலருக்கும் தெரிந்தது 1999 ஜூலையில் நடந்தது. நிலையத்தின் ஒரே மருத்துவர் ஜெர்ரி நீல்சன் தன் மார்பிலேயே ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார். விமானம் இறங்க முடியாத குளிர். ஜூலை 11 அன்று ஆறு பொதிகளை இறக்கினார்கள். அதில் ஒன்றின் பாராசூட் விரியவில்லை. உள்ளே இருந்த அல்ட்ராசவுண்ட் கருவி நொறுங்கிப்போனது. மருந்துகள் வந்து சேர்ந்தன. அவற்றை வைத்துத் தனக்குத் தானே சிகிச்சையை நடத்திக்கொண்டு அக்டோபர் வரை தாக்குப்பிடித்தார். பிறகுதான் அவரை வெளியே கொண்டுபோக விமானம் வர முடிந்தது. அந்தச் சமயத்தில் நாங்கள் கார்கில் வேலையில் மூழ்கிக் கிடந்தோம். செய்தித்தாளில் நாலு வரி படித்தேன். ஐந்து பொதி நல்லபடியாக இறங்கியதைவிட அந்த ஆறாவது பொதிதான் என் மனதில் தங்கியது. அதைக் கட்டியவர் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டார் என்று தோன்றியது.

இந்த வேலையில் எத்தனை பொதி தள்ளினோம் என்பதைக் கணக்கில் வைக்கவே கூடாது. எத்தனை பொதி உடையாமல், உறையாமல், ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் எண்ண வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த எண்ணிக்கைக்காகத்தான்.

கட்டும் இடத்தில்

பாதி வேலை கட்டும் கூடத்திலேயே முடிந்துவிடுகிறது. பாராசூட்டை மடிக்கும் அறை காய்ந்திருக்க வேண்டும். கிறைஸ்ட்சர்ச் மாதிரி கடலோர ஊரில் காற்றில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு துணியை மடித்து மைனஸ் 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் மடிப்புக்கு நடுவே பனித்துகள் பிடித்து, ஒரு மடிப்பு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். விரிவதற்கு நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. அதற்குள் ஒட்டு விட்டாக வேண்டும். அதனால் துணியை நன்றாக உலர்த்தி, உலர்ந்த அறையில் மடித்து, மடித்த கையோடு காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். பையை விமானத்தில்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்தது ரப்பர். இதை அனுபவித்துக் கற்றேன். பாராசூட் கயிறுகளை வளைவு வளைவாக அடுக்கி ரப்பர் வளையங்களில் சொருகி வைப்பது வழக்கம். ஒரு ஜனவரியில், வடக்கே ஒரு விமானத் தளத்தில், நான்தான் மேற்பார்வை. வளையங்கள் பழையவை என்பது கண்ணுக்குத் தெரிந்தது, நேரமில்லை என்று விட்டுவிட்டேன். மேலே குளிரில் அவை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டன. கதவு திறந்து பொதி நகர்ந்ததும் நாலைந்து வளையம் ஒன்றாக உடைந்து கயிறுகள் ஒரே குவியலாகக் கொட்டின. பாராசூட் பந்தாகச் சுருண்டபடியே மண்ணெண்ணெயோடு பள்ளத்தாக்கில் போய் விழுந்தது. அந்த எண்ணெய் பதினோரு பேர் சமையலுக்கும் கணப்புக்கும் போக வேண்டியது. அதிலிருந்து நான் மெல்லிய பருத்தி நாடாவால் கட்டுவேன். இழுத்தால் அறுகிற அளவுக்கு மெலிதாக இருக்கும். குளிர் பருத்தியை ஒன்றும் செய்வதில்லை.

அடிவாங்கும் மெத்தை விஷயத்திலும் இதே எச்சரிக்கை. கடையில் மெத்தென்று இருக்கிற பஞ்சு ரப்பரும் ஃபோமும் அந்தக் குளிரில் கட்டை ஆகிவிடும். தேன்கூடு வடிவத்தில் ஒட்டிய அட்டைப் பலகை நல்லது. அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, நசுங்கும் குணம் குளிரில் பெரிதாக மாறுவதில்லை. பிளாஸ்டிக் பெட்டி, பிளாஸ்டிக் கொக்கி, பி.வி.சி. உறை போட்ட கம்பி எதுவும் வேண்டாம். மடக்கினால் சில்லாக உடையும். மரப்பெட்டி, கித்தான் துணி, நைலான் பட்டை, இரும்பு வளையம் போதும்.

எடையை எடுப்பவர் பார்வையில் முடிவு செய்யுங்கள். விமானம் ஒரு டன்னைக்கூடத் தள்ளும். ஆனால் கீழே டிராக்டர் கிளம்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மைனஸ் 60 டிகிரியில் பனி, சறுக்கு வண்டிக்கு மணல் மாதிரி. சறுக்குக் கட்டையின் அடியில் பனி லேசாக உருகினால்தான் வண்டி வழுக்கும். அந்தக் குளிரில் அது உருகாது, ஆகவே இழுப்பது பாடு. இரண்டு பேர் கைவண்டியில் இழுக்கக்கூடிய 50, 60 கிலோதான் என் உச்சவரம்பு.

ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளை அனுப்பாதீர்கள். இரண்டு வாங்கி இரண்டு பொதியில் வையுங்கள். அந்த இரண்டு பொதியையும் விமானத்தின் வெவ்வேறு சுற்றில் இறக்குங்கள். மருந்தும் அதைச் செலுத்தும் ஊசியும் குழாயும் எல்லாப் பொதியிலும் சேர்ந்தே இருக்க வேண்டும். மருந்து ஒன்றிலும் ஊசி இன்னொன்றிலும் இருந்து, ஒன்று தொலைந்தால் இரண்டுமே வீண். நீல்சன் விஷயத்தில் கருவி போனாலும் மருந்து கிடைத்தது. அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் அமையாது.

நீர்மருந்துகள் உறைந்தால் குப்பி வெடிக்கும். இன்சுலின் போன்றவை உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் பயன்படாது. தடித்த தெர்மோகோல் பெட்டிக்குள் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பைகளை மருந்தைச் சுற்றி அடுக்குங்கள். சூடான பை தேவையில்லை. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் நமக்குக் காவல், தண்ணீர் முழுவதும் பனிக்கட்டி ஆகும் வரை பெட்டிக்குள் பூஜ்யத்துக்கு வெகு கீழே போகாது. ஆனால் சில மருந்துகளுக்குப் பூஜ்யமே ஆகாது. அவற்றுக்கும் தண்ணீர்ப் பைக்கும் நடுவே ஒரு சுற்றுத் துணி வையுங்கள். பெட்டியை முன்கூட்டியே குளிர்சாதனக் கிடங்கில் வைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்து, அந்த எண்ணைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதுங்கள். கீழே இருப்பவருக்கு எதை முதலில் தூக்க வேண்டும் என்று அது சொல்லும்.

விளக்கு கடைசி. முறித்தால் ஒளிரும் வேதிக் குச்சிகளை நம்பாதீர்கள். குளிரில் அந்த வேதிவினையே மந்தமாகிவிடும். எல்.ஈ.டி. விளக்கும் லித்தியம் மின்கலமும் பரவாயில்லை, ஆனால் மின்கலத்தை மருந்துப் பெட்டி மாதிரியே பொதிந்து வைக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலாக நான் நம்புவது சாலைப் பலகைகளில் ஒட்டுகிற ஒளி திருப்பும் நாடாவை. மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போக ஒன்றுமில்லை. நெற்றி விளக்கை அந்தப் பக்கம் திருப்பினால் தூரத்திலிருந்தே பளிச்சென்று கண் சிமிட்டும். பொதியின் ஆறு பக்கமும், பாராசூட் விளிம்பிலும் ஒட்டுங்கள்.

கீழே இடம் தயார் செய்ய

தென்துருவத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்குதான். "நிலையத்துக்கு வடக்கே ஒரு கிலோமீட்டர்" என்று ரேடியோவில் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. அங்கே கிரீன்விச் கோட்டின் திசையை வடக்காக வைத்து ஒரு கட்டத் திசை முறை வைத்திருக்கிறார்கள். விமானியும் தரையில் இருப்பவரும் அந்த ஒரே முறையில் பேசுகிறோமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விமானம் வரும் கோடு கட்டடங்களின் மேலாகப் போகவே கூடாது. ஒரு பொதி இரண்டு விநாடி முந்தியோ பிந்தியோ விழுந்தாலும் நிலையத்தின் மேல் விழாதபடி, கட்டடங்களுக்குப் பக்கவாட்டில், காற்று போகும் பக்கத்தில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்று வரும் பக்கத்தை விட்டுவிடுங்கள். தென்துருவத்தில் அந்தப் பக்கம் வளிமண்டல ஆராய்ச்சிக்காகச் சுத்தமாக வைத்திருக்கும் பகுதி. அதோடு, குளிர்காலம் முழுக்க வெளியே வெள்ளை விளக்குக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. ஜன்னல்களைக்கூட மூடி வைத்திருப்பார்கள். துருவ ஒளியைப் படம்பிடிக்கும் கேமராக்கள் அத்தனை நுட்பமானவை. ஆகவே விமானம் வரும் நேரத்தை விஞ்ஞானிகளிடம் முன்னாடியே சொல்லி, கேமராக்களை மூடச் சொல்லுங்கள். சொல்லாமல் தீ மூட்டினால் அவர்களின் ஒரு வருஷத்து உழைப்பு கெடும்.

இடத்தைக் காட்டத் தீதான் பழைய வழி. 1999லும் பீப்பாய்களில்தான் தீ மூட்டினார்கள். அந்தக் குளிரில் விமான எரிபொருளில் தீக்குச்சியைப் போட்டால் குச்சிதான் அணையும். எரியக்கூடிய ஆவியே மேலே எழும்பாது. கந்தல் துணி, மரச்சிராய் எல்லாம் போட்டு எண்ணெயில் ஊறவைத்து, திரி மாதிரி ஒரு முனையை வெளியே விட்டுப் பற்றவையுங்கள். முதல் நாளே ஒரு பீப்பாயில் சோதித்துப் பாருங்கள். பற்ற எவ்வளவு நேரம், எத்தனை நிமிஷம் எரிகிறது என்று குறித்துவையுங்கள். விமானி இரவுப் பார்வைக் கருவி அணிந்து வந்தால் சின்ன விளக்குகளே போதும். 2011ல் சி-17 விமானம் தென்துருவத்தில் மருத்துவப் பொருள்களை இறக்கியபோது அந்தக் கருவியைத்தான் பயன்படுத்தினார்கள்.

தேடுகிறவர்கள் திரும்பி வருவதற்கு, நிலையக் கதவிலிருந்து இறக்குமிடம் வரை மூங்கில் கம்புகளில் கொடி கட்டி வரிசையாக நடுங்கள். காற்று எழுந்தால் பத்தடி தள்ளி இருப்பது தெரியாது. ஒரு கொடியிலிருந்து நின்று பார்த்தால் அடுத்த கொடி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நடுவில் இன்னொன்று நடுங்கள்.

காற்றுக் கணக்கு

இங்கே மலைப்பகுதி அனுபவம் ஏமாற்றிவிடும், என்னையும் ஏமாற்றியது. தென்துருவம் கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர். உயரம் என்றால் காற்று மெலிது, பொதி வேகமாக விழும் என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறாக வருகிறது. காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். துருவத்தில் காற்றழுத்தம் சுமார் 680 மில்லிபார். மைனஸ் 60 டிகிரியில் அந்தக் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.1 கிலோ. லடாக்கில் 5,000 மீட்டரில், மைனஸ் 20 டிகிரியில் அது ஏறக்குறைய 0.75 கிலோதான். இறங்கும் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். ஆக, அதே பாராசூட்டும் அதே எடையும் துருவத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெதுவாக இறங்கும். பொதிக்கு நல்லது. ஆனால் அந்த நேரமெல்லாம் காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும்.

இன்னொன்று, தரையில் அளந்த காற்றை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். துருவக் குளிர்காலத்தில் தரையை ஒட்டித்தான் கடுங்குளிர். 200, 300 மீட்டர் மேலே போனால் 20 டிகிரி வரை சூடு கூடியிருக்கும். அந்த இரண்டு அடுக்கும் கலப்பதில்லை. தரையில் இலை அசையாத அமைதி என்று தோன்றும்போது மேலே காற்று இரண்டு மடங்காக வீசும். அதனால் விமானம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வானிலை பலூனைப் பறக்கவிட்டு, முதல் 300 மீட்டரின் காற்றை மட்டும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் அன்றாடம் பலூன் விடுகிறவர் இருப்பார். கூடுதலாக ஒரு பலூன் விடச் சொன்னால் மறுக்க மாட்டார்.

கணக்கு எளிது. 200 மீட்டரில் இறக்குகிறோம், விநாடிக்கு 7 மீட்டர் இறங்குகிறது என்றால் தரை தொட ஏறக்குறைய 29 விநாடி. நடுவில் காற்று சராசரியாக விநாடிக்கு 8 மீட்டர் என்றால் ஏறக்குறைய 230 மீட்டர் தள்ளிப்போகும். விமானம் விநாடிக்கு 70 மீட்டர் பறக்கிறது, பாராசூட் முழுக்க விரிய 3 விநாடி ஆகிறது என்றால் முன்னோக்கி இன்னும் ஏறக்குறைய 200 மீட்டர். இதை இரண்டையும் காகிதத்தில் வரைந்து, கழித்து, தள்ளும் புள்ளியைக் குறியுங்கள். ஆறு பொதியை விநாடிக்கு ஒன்றாகத் தள்ளினால் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 350 மீட்டர். இருட்டில் தேட அது நீளம். மூன்று மூன்றாக இரண்டு சுற்று வையுங்கள். முதல் சுற்று எங்கே விழுந்தது என்று கீழிருந்து சொன்னால் இரண்டாவதைத் திருத்தலாம்.

சுற்றுக்கும் சுற்றுக்கும் பத்து நிமிஷமாவது இடைவெளி விடுங்கள். அந்தக் குளிரில் விமானப் புகையின் ஈரம் உடனே பனிமூட்டமாக உறைந்து இறக்குமிடத்தையே மறைத்துவிடும். வண்டிகளின் புகையும் அப்படித்தான். ஓடுகிற வண்டியைக் காற்று போகும் பக்கத்தில் நிறுத்துங்கள்.

கதவில் நிற்பவருக்கு

தரையே 9,000 அடிக்கு மேல், அதன் மேல் 200 மீட்டர். ஆக்சிஜன் முகமூடி இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள். வேலை செய்கிற உடம்புக்கு மூச்சுக் குறைவதே தெரியாது, கை தப்புவதுதான் தெரியும். மெல்லிய கையுறை ஒன்று உள்ளே, தடித்தது வெளியே. வெளிக்கையுறையைக் கழற்ற வேண்டிய வேலை எதையும் கதவருகே வைத்துக்கொள்ளாதீர்கள். முடிச்சு, கொக்கி எல்லாம் தடித்த கையுறையோடு போட வருகிற அளவில் இருக்க வேண்டும்.

1950 ஜூலை 31 அன்று கனடாவின் வடகோடியில் அலர்ட் வானிலை நிலையத்துக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லங்காஸ்டர் விமானத்தின் வாலில் ஒரு பாராசூட் சிக்கிக்கொண்டது. விமானம் விழுந்து உள்ளே இருந்த ஒன்பது பேரும் இறந்தார்கள். அவர்கள் கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன. அது கோடைகாலம், வெளிச்சம் இருந்தது. அப்படியும் நடந்தது. பாராசூட்டை விரிக்க இழுக்கும் கயிற்றின் நீளத்தை இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். பொதி வாலைத் தாண்டிய பிறகுதான் துணி விரிய வேண்டும். இழுத்து முடிந்த கயிறுகளை உடனே உள்ளே சுருட்டுங்கள். ஒரு பொதி கதவில் மாட்டிக்கொண்டால் வெட்டிவிடக் கத்தியை இடுப்பிலேயே வைத்திருங்கள்.

தாழப் பறந்தால் குறி தப்பாது என்று விமானி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1952 செப்டம்பரில் கிரீன்லாந்து பனிமேட்டில் பிரிட்டிஷ் ஆய்வுக்குழுவுக்குச் சரக்கு போடத் தாழ்ந்து வந்த ஹேஸ்டிங்ஸ் விமானம், வானும் தரையும் ஒரே வெள்ளையாகத் தெரிந்ததில் பனியிலேயே மோதியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். சரக்கு கொண்டுபோனவர்களையே மீட்க வேண்டியதாயிற்று.

பொறுக்குவது

பொதி விழும்போது யாரும் இறக்குமிடத்துக்குள் இருக்கக் கூடாது. ஓரத்தில் இரண்டு இடத்தில் ஆள் நிறுத்தி, ஒவ்வொரு பொதியும் தரை தொடும் திசையைக் கையால் காட்டி, அதே திசையில் ஒரு கம்பைப் பனியில் சாய்த்துக் குத்திவைக்கச் சொல்லுங்கள். இரண்டு கம்பின் கோடும் சந்திக்கும் இடத்தில் பொதி. விளக்கு அணைந்திருந்தாலும் இது கிடைத்துவிடும். விரியாமல் விழும் பொதிக்கு இதைவிட்டால் வழியில்லை, அது பனிக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். மேலே ஒரு குழிதான் தெரியும், அரை மணி நேரம் காற்று வீசினால் அதுவும் தூர்ந்துவிடும்.

தரை தொட்ட பிறகு பாராசூட் காற்றில் உப்பிப் பொதியை இழுத்துக்கொண்டு ஓடும். தானாகக் கழலும் பூட்டு இருந்தாலும் குளிரில் அது வேலை செய்யாமல் போகலாம். துரத்திப் போய்க் குடைக்கு முன்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில் போய், தரையோடு இருக்கும் கீழ்க்கயிறுகள் இரண்டைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். காற்று வெளியேறிக் குடை படுத்துவிடும். முடியாவிட்டால் அறுத்துவிடுங்கள், பாராசூட்டைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

இரண்டிரண்டு பேராகப் போங்கள். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை குழு மாற வேண்டும். ஒருவர் மூக்கையும் கன்னத்தையும் இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளையாகத் திட்டு விழுந்தால், எத்தனை பொதி பாக்கி இருந்தாலும், இருவரும் உள்ளே வந்துவிட வேண்டும். விமானம் தலைக்கு மேல் இருக்கும்போது உடம்பில் ஒரு வேகம் வரும், வலி தெரியாது. அதனால்தான் நேரத்தை வெளியில் இருப்பவர் பார்க்கக் கூடாது. உள்ளே கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவர் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் மறுபேச்சு கூடாது.

விமானம் திரும்பும் முன் எத்தனை பொதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ரேடியோவில் சொல்லிவிடுங்கள். கைவசம் மிச்சப் பொதி இருந்தால் அவர்கள் இன்னொரு சுற்று வர அதுதான் நேரம்.

உள்ளே வந்தபின்

மருந்துப் பெட்டி நேராக மருத்துவரிடம். மற்ற எதையும் கதவைத் திறந்ததும் சூடான அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மைனஸ் 60 டிகிரியில் இருந்த கருவி அறைக்காற்றைத் தொட்டதும் உள்ளும் புறமும் பனி படிந்து, பிறகு உருகித் தண்ணீராக நிற்கும். காற்றுப் புகாத உறையைப் பிரிக்காமல் முதலில் குளிர்ந்த கூடத்தில், பிறகு நடைபாதையில், பிறகு அறையில் என்று ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்லக் குளிர் விட வைக்க வேண்டும். அது வரை யார் கேட்டாலும் சுவிட்சைத் தொடக் கூடாது. ஆப்பிளும் ஆரஞ்சும் வந்திருந்தால் பெரும்பாலும் கல்லாகியிருக்கும். அவற்றைச் சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள், வேகவைத்தால் ருசி இருக்கும்.

கடிதப் பைக்கு மட்டும் அந்த ஒரு நாள் காத்திருப்பு தேவையில்லை. அரை மணி நேரம் பையை மூடியே வைத்துவிட்டு, காகிதம் கைக்கு வெதுவெதுப்பாக வந்ததும் பெயர் வாசித்துக் கொடுத்துவிடலாம்.